தங்கபாய் அக்காள் ஏலத்தில் எடுத்த குப்பி

மூத்த பேத்தி ஷைனி மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவள் தம்பிக்குக் கருங்கல் டவுனில் பேங்க் வேலை. இளையவள் இந்த வருஷம் பி.எட். முடித்துவிட்டாள். நடுப் பேரன் ஜெபின் நியூசிலாந்தில், குளிர் மிகுந்த ஒரு பக்கத்தில், திராட்சைத் தோட்டத்தில் சிவப்பு வைன் செய்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஜெபினின் வேலையை நான் சபையில் தலை நிமிர்ந்து சொல்வதற்குக் காரணம் தங்கபாய் அக்காள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் மணி சாவு மணியாக விட்டுவிட்டு அடித்தது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். அக்காள் உறக்கத்திலேயே போய்விட்டதாக அடுத்த வீட்டுப் பெண் வந்து சொன்னாள்.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். அக்காளின் வீட்டுக்காரர் குடியால் அழிந்தவர். அவர் போனபின் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தே இரண்டு பெண்மக்களைக் கரையேற்றினார் அக்காள். சாராய வாடை வரும் கல்யாண வீட்டில் கை நனைக்கமாட்டார். இராப்போஜனத்துக்கான திராட்சரசத்தை அவரேதான் காய்ச்சிக் கொடுப்பார். பிழிந்த அன்றே கொதிக்க வைக்காவிட்டால் போதை ஏறிவிடும் என்று பயம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் கூறுவதும் அவர்தான்.

ஒரு வருஷம் விடுமுறையில் வந்திருந்த ஜெபின், தன் கையால் முதலில் செய்த வைனில் ஒரு குப்பியை அந்தப் பண்டிகைக்கு முதற்பலனாகக் கொண்டுவந்தான். பலாப்பழத்துக்கும் கட்டிப்போட்ட சேவலுக்கும் நடுவில் வைத்தான். கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “இது கோயிலுக்குக் கொள்ளாது” என்று துணியைப் போட்டு மூடினார். பையனின் முகம் விழுந்துபோயிற்று. எல்லோரும் அக்காளைப் பார்த்தோம். தூக்கி வெளியே எறிவார் என்றே நினைத்தேன்.

அக்காள் துணியை விலக்கினார். “மக்கா, இது எப்பிடி உண்டாக்குதது?”

அங்கே உறைபனியில் தளிர் கருகிவிடாமல் காவல் காக்க வேண்டும், பழத்துக்குத் தோல் மெல்லிசு, வெயில் குறைவானதால் மெல்லத்தான் பழுக்கும், குலைகுலையாகக் கையால் பறிக்க வேண்டும் என்று அவன் சொன்னான். குளிரில் வெடித்த விரலைக் காட்டினான். அண்டிப்பால் பட்டுக் கறுத்த தன் விரல்களால் அக்காள் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“விரல் வெடிச்சு உண்டாக்கினதை இந்தக் கோயில்ல என்னைக்கு வேண்டாமுன்னு சொன்னோம்?” என்று கமிட்டிக்காரரைக் கேட்டுவிட்டு, குப்பியைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறினார்.

ஒருவரும் விலை கேட்கவில்லை. கொண்டுவந்த வீட்டார் ஏலம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்று தரமும் கூறி முடித்த அக்காள், “ஆருக்கும் வேண்டாமா? அப்பம் எனக்கு” என்றார்.

பின்னாலிருந்து ஒருத்தி, சாயங்காலம் வந்தால் தனக்கும் கிட்டுமா என்று கிண்டலாகக் கேட்டாள்.

“வா பிள்ளே. உன் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. அவனுக்குத்தான் குப்பி திறக்கத் தெரியும்.”

கோயிலே சிரித்தது. கமிட்டிக்காரரும் சிரித்தார். ஜெபின் தலை நிமிர்ந்தான்.

மறுநாள் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து, குப்பியை அவனைக் கொண்டே திறக்க வைத்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் முகம் சுளித்தார். “சீனி போட மறந்துட்டியா மக்கா?” அவன் பதில் சொல்லுமுன் அவ்வளவையும் சட்டியில் ஊற்றி, சீனியும் கிராம்பும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். தன் ஒரு வருஷப் பாடு ஆவியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான் பையன். டம்ளரில் கொடுத்ததை மிச்சமில்லாமல் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினான். “இதுதான் பக்குவம். உன் முதலாளிக்கும் சொல்லிக் கொடு” என்றார் அக்காள்.

என் பேரனின் விரலைப் பிடித்துப் பார்த்த அந்தக் கறுத்த விரல்கள்தாம் எனக்கு அக்காள். கண்ணை மூடினால் அவைதாம் வருகின்றன.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சபை வாட்ஸ்அப்பில் போட்டிருப்பது ஆதார் அட்டைப் படம். அதில் அக்காள் யாருக்கோ பயந்தவர் போல இருக்கிறார். ஏலம் கூறும்போது ஜெபின் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். அதைப் போடுங்கள். கையிலிருக்கும் குப்பியை வெட்டாமல் போடுங்கள்.