நான் கால் குளிர்காய்ந்த பெட்டி

இன்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் நாலு போன்களையும் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். நாலும் ஒரே சமயத்தில் அப்டேட் வாங்கிக்கொண்டிருந்தன. மகன் போனுக்கு வருவதுதான் மருமகள் போனுக்கும், பேத்தி போனுக்கும், என் போனுக்கும். ஒட்டிப் படுத்துக்கொண்டு, தனித்தனியாகப் போய் வாங்கி வருகின்றன. ஒரே வீட்டிலிருந்து நாலு பேர் நாலு பையோடு சர்க்கரை வாங்கப் போன மாதிரி. சிரித்துக்கொண்டே சந்தனம் குழைத்தேன். அந்த வாசம் என்னைக் காதர் பாயின் கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அது. பெருக்கித் துடைத்து டீ வாங்கி வருவது என் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் எவ்வளவு தூசி சேரும் என்பதுதான். அங்கே இன்டர்நெட் வந்த வேகம் இருக்கிறதே, சானமாவுக் காட்டில் யானை மறித்த ராயக்கோட்டை பஸ்கூட அதை முந்திவிடும். அதனால் பாய் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மூலைக் கம்ப்யூட்டர் மட்டும் வெளியிலிருந்து அப்டேட்டை வாங்கும். மற்றவை ஒயர் வழியாக அதனிடம் வாங்கிக்கொள்ளும். வாங்கியது அடுத்ததற்கும் கொடுக்கும். எங்கள் லைன் வீட்டில் ஒருத்தி தயிர் உறைய வைத்தால் எல்லா வீட்டுக்கும் உறைமோர் போகுமே, அந்தக் கணக்கு. படிக்க வந்த பெண்கள் மூலைக் கம்ப்யூட்டருக்குப் பெரியக்கா என்று பேர் வைத்தார்கள்.

திரை கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. ரிப்பேருக்குப் போன திரை திரும்பி வரவில்லை. மேஜைக்கு அடியில் பெட்டி மட்டும் ஓடும். ஓசூர்க் குளிருக்கு அதன் பின்னால் வரும் வெதுவெதுப்பான காற்று சொர்க்கம். டீ குடிக்கும்போது காலை அங்கே நீட்டிக்கொள்வேன்.

"மூஞ்சியே இல்லாத பொட்டிக்கு என்னாத்துக்குக்கா கரண்டு?" என்பார் பாய்.

"என் காலுக்கு மூஞ்சி என்னாத்துக்கு பாய்?" என்பேன். விட்டுவிடுவார்.

அந்த வருஷம்தான் மஞ்சுளா எனக்கு மருமகளாக வந்தாள். வந்த கொஞ்ச நாளில் கம்பெனியில் ஆள் குறைத்து என் மகனுக்கு வேலை போனது. வண்டிக்குப் பாகம் செய்கிற வேறொரு கம்பெனியில் பெண்களை எடுத்தார்கள். பரீட்சை எங்கள் சென்டரில்தான், விஜயதசமிக்கு மறுநாள். புது அப்டேட் ஏறாத கம்ப்யூட்டரில் பரீட்சை திறக்காது என்று சொல்லிவிட்டார்கள். பெரியக்கா நாள்கணக்கில் இழுத்து இழுத்து அதை வாங்கி முடித்தாள். பூஜைக்குத் துடைப்பதற்காக மற்றவற்றை அணைத்து வைத்திருந்தோம். பூஜை முடிந்து போட்டால் எடுத்துக்கொள்ளும் என்றார் பாய். பொரி கடலை எல்லாம் அவர் செலவு.

நான் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். பின்னால் மஞ்சுளா மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். என் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. மூஞ்சி இல்லாததற்கு எங்கே பொட்டு வைப்பது? மற்றதற்கெல்லாம் ஒரு சொட்டு. பெரியக்காவிடம் வந்ததும் மஞ்சுளாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் கொடுக்கிறவள் என்று ஒரு கை அள்ளித் தெளித்தாள். டப்பென்று ஒரு சத்தம். சந்தன வாசத்துக்கு நடுவில் கருகல் வாசம்.

விஜயதசமிக்குக் கடை மூடல். பரீட்சையன்று விடிந்ததுமே பாய் வந்து பெரியக்காவைப் போட்டுப் பார்த்தார்; உயிர் வரவில்லை. வெளியிலிருந்து வாங்கினால் தீபாவளிக்குத்தான் வந்து சேரும் என்றார். மஞ்சுளா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயே கெடுத்துக்கிட்டேன் அத்த. வூட்ல ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா என்னா பண்றது?"

அவள் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தேன். போய் என் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பாய் மனசு கேட்காமல் மற்ற கம்ப்யூட்டர்களைப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில், ஆனேக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி, "பர்த்தாயிதே அண்ணா" என்று கன்னடத்தில் சொன்னாள். வருகிறதாம். அடுத்ததிலும் வந்தது. நம் லைன் இவ்வளவு வேகமாக ஓடாதே என்று பாய் ஒயரைப் பிடித்துக்கொண்டே குனிந்து வந்தார். ஒயர் என் காலடியில் முடிந்தது. துடைக்க எல்லாவற்றையும் அணைத்தபோதும் என் காலுக்காக ஓடிக்கொண்டிருந்த இந்தப் பெட்டி, பெரியக்கா உயிரோடு இருந்தபோதே தன் பங்கை வாங்கி வைத்திருக்கிறது. இப்போது அதுதான் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கால எடுக்காதீங்க. இன்னிக்கி பூரா அங்கயே வெச்சிருங்க" என்றார் பாய்.

மஞ்சுளாவுக்கு வேலை கிடைத்தது. இந்த வீடு, பேத்தியின் படிப்பு, நான் கால் நீட்டும் சோபா, எல்லாம் அந்தச் சம்பளம். என் காலுக்கு வேண்டி கரண்டு பில் கட்டிய பாய் நன்றாக இருக்கட்டும். அவர் கிருஷ்ணகிரியில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். சென்டர் இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். பெட்டி பழைய இரும்போடு போனது. போகும்போது அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்பினேன்.

இன்று பூஜையில் நான் செம்பை எடுத்ததும் மஞ்சுளா பதறினாள். "தண்ணிய கிட்ட கொண்டாராதீங்க அத்த. வெறும் சந்தனம் போதும்."

"செரிடி. இதுல எது பெரியக்கா? அதுக்கு மொதல்ல வெய்யி" என்றேன்.

சந்தனக் கையோடு தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலும் அதது பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தன. கடைசியில், ஓரத்திலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு வந்தாள்.