மஞ்சள் கடுதாசியும் மாமா வீட்டு மொய்யும்

ஐம்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் பகலில் வீடு தங்காத ஒரு காலம் இருந்தது. திருவரங்குளத்துப் பக்கம் கடலை வாங்கி விற்கும் வியாபாரம் எங்களுக்கு. புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பல பேரிடம் பணம் வாங்கிக் குடோனை நிரப்பினோம். அடைமழையில் கூரை ஒழுகி, பாதிக்கு மேல் பூசணம் பிடித்துப் போனது. கடன் கொடுத்தவர்களில் ஒருவர், இவரைப் பிடித்துச் சிவில் ஜெயிலில் வைக்க வாரண்ட் வாங்கிவிட்டார். பொழுது விடிந்தால் இவர் முந்திரிக்காட்டுக்குள் போய்விடுவார். சூரியன் சாய்ந்த பிறகு வீடு புகுந்து பிடிக்கக்கூடாது என்பது சட்டம்; இருட்டினால் சோற்றுக்கு வருவார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடச் சிலர் சொன்னார்கள். அது ஊரை ஏமாற்றுகிறவன் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். ஆவூர்ப் பக்கம் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்கார விவசாயி அதைக் கொடுத்து மீண்டவர் என்று கேள்விப்பட்டு, நானே பஸ் ஏறிப் போனேன். அவர் கூச்சப்படாமல் பேசினார்.

"எதை ஒளிக்கலாம்னு சொல்லித் தர்ற வக்கீலும் புதுக்கோட்டையில இருக்காரு ஆத்தா. எனக்குக் கிடைச்சவரு, எதையும் ஒளிக்காதேன்னு திட்டுறவரு. திட்டு வாங்க முடியும்னா அங்கிட்டுப் போங்க."

ஒரு நாள் இருட்டியதும் போனோம். அந்த வக்கீல் இவரிடம் மட்டும் பேசாமல், கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாத எனக்கும் விளங்கும்படி சொன்னார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு குளிரும்.

"கடனை அடைக்க வழியில்லைன்னு நீங்களே கோர்ட்டுல ஒத்துக்கிறதுதாம்மா இது. இருக்கிற சொத்தைக் கோர்ட்டு போடுற ரிசீவர் எடுத்து வித்து, கடன்காரங்க எல்லாருக்கும் பங்கு வைப்பாரு. ஏர்மாடு, கலப்பை, சமையல் பாத்திரம், ஒங்க தாலி, இதுல கைவைக்க மாட்டாங்க. நாணயமா நடந்துக்கிட்டா பின்னாடி கோர்ட்டே விடுதலை குடுக்கும், பழைய கடன் தொடராது. ஒரு குண்டுமணியை ஒளிச்சீங்க, வேண்டியவுகளுக்கு மட்டும் குடுத்தீங்க, நான் விலகிக்குவேன்."

மனு போட்ட கையோடு இவருடைய தாய்மாமன் வீட்டில் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மாமா வைத்த மொய்யை, மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். நல்ல கடலை விற்ற காசு கையில் இருந்தது.

"மொய் கடன் இல்லீங்களே, அதை மட்டும் வச்சிடுறேனே" என்றார் இவர்.

"கடன் இல்லதான். காசும் ஒங்களது இல்லையே" என்றார் வக்கீல். "அது இப்பப் பொதுச்சொத்து. கல்யாணத்துக்குப் போங்க, சாப்பிடுங்க, கையக் கழுவிட்டு வாங்க."

இவர் காட்டில் இருக்க, நான் மட்டும் போனேன். மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக்கு ஒண்ணும் எழுதாதீங்க" என்றேன். பின்னால் மாமாவின் சம்சாரம், "சிலருக்கு எலை மட்டும் போட்டாப் போதும்" என்றது காதில் விழுந்தது. எழுந்து வரவில்லை. பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுத்தான் வந்தேன்.

விசாரணையில் கடன்காரர்களின் வக்கீல் மாமாவைக் கூண்டில் ஏற்றினார். கடலைக் காசு மொய் என்ற பேரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டது என்பது அவர்கள் சந்தேகம். அப்படி இருந்திருந்தால் மனு தள்ளுபடியாகி, இவர் அங்கிருந்தே ஜெயிலுக்குப் போயிருப்பார்.

"எவ்வளவு மொய் வாங்கினீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னத்த வாங்குனேன்? மாப்புள வரவே இல்ல. அந்தப் புள்ள வந்துச்சு, பாயசம் வரைக்கும் சாப்புட்டுச்சு, வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயிருச்சு. எம் பொண்டாட்டி இன்னும் அதச் சொல்லிச் சொல்லி என் உசுர வாங்குறா."

கோர்ட்டே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. எங்கள் வக்கீல் மட்டும் சிரிக்காமல், இந்தப் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார்.

அன்றைக்கே இவரைப் பிடிக்கக்கூடாது என்று உத்தரவானது. நிலமும் குடோனும் போயின, போகட்டும். பீஸில் பாதியைக் நாங்கள் கடலை வெட்டிக் கூலி வாங்கிய பிறகு வாங்கிக்கொள்வதாக வக்கீல் சொல்லிவிட்டார். வெளியே மாமா இன்னும் முறைத்துக்கொண்டுதான் நின்றார்.

"மாமா, ஒங்க சின்னப் பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்து வைக்கிறோம்" என்றார் இவர்.

"வைக்காட்டியும் பாயசம் உண்டு, போ" என்றார் மாமா.

உச்சிவெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, நானும் அவருமாக நடுத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தோம்.