படகின் கூரையில் இரண்டு துளைகள்

இங்கிலாந்தின் யேர் ஆற்றங்கரையில் கட்டிக்கிடந்த அந்த இருபத்துமூன்றடி மோட்டார் படகுக்குள் குளிர்காலம் முழுக்க மழை பெய்யும். வெளியே வானம் வெறிச்சென்று இருந்தாலும் உள்ளே பெய்யும். கெட்டில் கொதித்த ஆவி, காஸ் ஹீட்டர் கக்கிய ஈரம், ரெஜ் இரவெல்லாம் இழுத்து விட்ட மூச்சு எல்லாம் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, விடிந்ததும் ஏவ்ரிலின் நெற்றியில் சொட்டும். மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. வினிகர் தொட்டுத் துடைப்பாள். அடுத்த வாரம் அது திரும்பி வந்திருக்கும்.

ஏவ்ரில் லார்ட்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. கோடையில் வாடகைப் படகுகளைச் சுத்தம் செய்வாள், குளிர்காலத்தில் ஆற்றோர மதுக்கடையின் சமையலறையில் பாத்திரம் கழுவுவாள். குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டபோது, "படகு இருக்கே, அப்புறம் என்ன?" என்றான் கணவன் ரெஜ். அது ஏழு வருடத்துக்கு முன்னால். சர்க்கரை ஆலையின் சுண்ணாம்புத் தூசியில் முப்பது வருடம் நின்றவன் அவன். நெஞ்சு அப்போதே பாதி போயிருந்தது.

கதவின் அடிப்பக்கத்தில், காற்று வர, சீப்புப் பல் மாதிரி ஒரு திறப்பு உண்டு. அக்டோபர் பிறந்ததும் ரெஜ் அதில் பழைய காலுறையைத் திணித்துவிடுவான். அவன் மட்டுமல்ல, அந்தத் துறையில் எல்லாருமே அப்படித்தான். நாலு வருடத்துக்கு ஒருமுறை படகுப் பரிசோதகர் வருகிற காலையில் எல்லாத் துணியையும் பிடுங்கி ஒளிப்பார்கள். திறப்பை அடைத்தால் ஹீட்டரின் நச்சுவாயு உள்ளேயே தங்கிவிடும், அதைக் கண்டு அலற ஒரு எச்சரிக்கைக் கருவியும் படகில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அவருடைய கார் வளைவில் மறைந்ததும், பக்கத்துப் படகு பெர்சி நட் மேல்தளத்தில் நின்று கத்துவான்: "போயிட்டாரு! காலுறைய மாட்டுங்கப்பா!" துறையே சிரிக்கும்.

ஏவ்ரிலும் சிரித்தவள்தான்.

"கீழ காத்து உள்ள வரணும், மேல வெளிய போகணும், ரெஜ். வாடகைப் படகுல எல்லாம் கூரைல ஓட்ட போட்டு, மேல காளான் மாதிரி ஒரு மூடி வெச்சிருக்கான். உள்ள சொட்டு ஈரம் கெடையாது."

"படகுல ஓட்டை போடறதா? நல்லாருக்கு. அப்படியே அடியிலயும் ரெண்டு போட்டுடு, குளிக்க வசதி."

"நீ குளிச்சு எத்தன நாளாச்சு, மொதல்ல அதச் சொல்லு."

நவம்பரில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த ஈரத்துக்கே திரும்பினால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் ஏவ்ரிலைத் தனியாக அழைத்துச் சொன்னார். கரையில் ஒரு ஃபிளாட்டுக்கு எழுதிப் போடலாம் என்றும் சொன்னார். அதை அவள் படுக்கையருகே வந்து சொன்னதும் ரெஜ் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "கரைக்கா? பொட்டில வெச்சு ஆணி அடிச்சுக் கொண்டுபோ," என்றான்.

அவன் பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தான். அதற்குள் அவள் வாடகைப் படகுத் துறைக்குப் போய், உடைக்கப்போட்ட ஒரு படகிலிருந்து இரண்டு மூடிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். பெர்சி வட்ட ரம்பம் கொடுத்தான். கூரையில் மண்டியிட்டு அவள் முதல் துளையைத் தொடங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெஜ் வந்து என்னைக் கொல்லப்போறான்."

"மூச்சு இருந்தா கொல்லட்டும்."

மூன்றாம் நாள் காலை அவள் நெற்றியில் எதுவும் சொட்டவில்லை. கூரையைத் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்தே இருந்தது.

வீடு திரும்பிய ரெஜ் படுத்தபடியே அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"நேரா வெச்சியா, கோணலா?"

"கோணல்."

"நெனச்சேன்."

அவ்வளவுதான் சண்டை. மூச்சுக்காக நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்தே கிடந்தவன், டிசம்பரில் ஒரே தலையணையில் தூங்கினான். கிறிஸ்துமஸன்று கரையிறங்கி மதுக்கடைவரை நடந்தான்.

ஜனவரியில் கிழக்குக் காற்று பிடித்தது. கடலிலிருந்து சதுப்பைத் தாண்டி நேராக வருகிற காற்று, நடுவில் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஐந்தாம் நாள் வாளியில் தண்ணீர் கல்லாகிவிட்டது. அன்று சனிக்கிழமை. பதினொரு மணிக்கு ஏவ்ரில் வேலைக்குக் கிளம்பும்போது, ரெஜ் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். உதடு நீலம். அவன் எதுவும் கேட்கவில்லை.

"நீ போ. எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் பாத்திரம் துடைக்கும் துணிகளை எடுத்து, இரண்டு துளைகளிலும் உள்ளிருந்து திணித்தாள். கதவடியில் ஒரு காலுறை. ஹீட்டரைப் பற்றவைத்தாள். அன்பில் செய்தாளா, அவசரத்தில் செய்தாளா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டுமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"நாலு மணிக்கு வந்ததும் எடுத்துடறேன்."

"பாத்தியா, கடைசில என் வழிக்கே வந்துட்ட," என்று சிரித்து, இருமி, கால்பந்து வர்ணனைக்காக ரேடியோவைத் திருகினான். அதில் போட்டிருந்தவை நச்சுவாயு எச்சரிக்கைக் கருவியிலிருந்து அவன் கழற்றிய பேட்டரிகள். அது அவளுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு வந்தபோது சன்னலெல்லாம் வேர்த்து வழிந்தது. ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. ரெஜ்ஜின் கன்னத்தில் பல மாதமாகக் காணாத சிவப்பு. நல்லாச் சூடு பிடிச்சிருக்கு என்று நினைத்து, ஷூவைக்கூடக் கழற்றினாள். பிறகுதான் கூப்பிட்டாள்.

துறையில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? "பாவி, மறுபடி அடைச்சுட்டானே. எத்தன தடவ சொன்ன நீ!" என்றான் பெர்சி. வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான். ஏவ்ரில் கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மறுக்கவில்லை.

மார்ச்சில் நாரிச் நகரத்தில் மரண விசாரணை. ஹீட்டரின் நச்சுவாயுதான் கொன்றது, கன்னத்துச் சிவப்பும் அதனால்தான் என்றது டாக்டரின் அறிக்கை. அதிகாரி மெதுவாகப் பேசுகிறவர்.

"திறப்புகளை அடைப்பது உங்கள் கணவரின் வழக்கம் என்று அண்டைவீட்டார் சொல்கிறார். அப்படித்தானே, மிஸஸ் லார்ட்டர்?"

பின்வரிசையில் பெர்சி அவளுக்காகத் தலையாட்டினான்.

"வழக்கம்தான் சார். ஆனா அன்னைக்கு அடைச்சது நான்." பேனா நின்றது. "அவரு குளிர்ல நடுங்கினாரு. பேட்டரிய எடுத்தது அவரு. துணிய வெச்சது நான். ரெண்டையும் எழுதிக்குங்க."

எதிர்பாராத விபத்து என்றுதான் முடிவு எழுதினார்கள். பெர்சி அவளைத் தன் காரில் ஏற்றினான். சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமலே உட்கார்ந்திருந்தான்.

"ஏன் சொன்ன? உன்ன யாரு கேட்டா?"

"அவன் அடைக்கல பெர்சி. வீட்டுக்கு வந்த அந்த ரெண்டு மாசமும், அவன் அதத் தொடவே இல்ல."