மகள் பெயரில் கேட்ட தொலைநோக்கி

தொலைநோக்கி வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். கேட்டது மகள் பெயரில்.

சாரல் முடிந்துவிட்டால் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே வானம் துடைத்துப் போட்டதுபோல இருக்கும். காய்ந்த துணி எடுக்கப் போகிறவள் கீழே இறங்க நேரமாகும். ஆனாலும் நாற்பத்திரண்டு வயதில் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்த முகத்தோடு புருசனிடம் சொல்வது? மேலப்பாளையத்தில் என் வயதுக்காரிகள் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துபாயிலிருந்து அவர் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு அபாயா, மகளுக்கு அவள் கேட்கிற ஒரு சாமான். "இந்தத் தடவை பிள்ளைக்குத் தொலைநோக்கி வேணுமாம், படிப்புக்கு உதவும்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மகள் வாயைத் திறக்கவில்லை. அதையே சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

"ரெண்டும் எழுபது மில்லிமீட்டர்தான். ஒண்ணு குட்டை, ஒண்ணு நீளம். குட்டைன்னா பெட்டியில அடங்கும். சின்னப் பிள்ளைக்கு இது போதும்லா?"

போதும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"குட்டை வேண்டாங்க! முன்னால உள்ள கண்ணாடி ஒரே அகலம்தான். ஆனா குட்டையில நிலா ஓரத்துல ஊதாக்கலர் அடிக்கும். நீளத்துலதான் வளையம் தெளிவாத் தெரியும். ஸ்டாண்டு ஆடுதான்னு அமுக்கிப் பாருங்க!"

அடுப்படியில் சத்தத்தைக் குறைத்து வைத்து வீடியோ பார்த்துப் படித்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. அவரோடு வந்த அறைத்தோழர் சிரிப்பது கேட்டது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"ஏ புள்ள, இது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றேன், முந்தானையைப் பார்த்துக்கொண்டு.

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? நீளத்தையே எடுக்கேன். போனைப் பிள்ளைகிட்ட குடு."

கொடுத்தேன். அப்பாடா என்று இருந்தது, அரை நிமிஷம்.

"ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

மகள் யோசிக்கவே இல்லை. "ஷூ வாப்பா. ஓடுததுக்கு உள்ளது. நீலக்கலர். இப்ப இருக்கது பெருவிரலப் போட்டு நசுக்குது. ரெண்டு மாசமா வெறுங்காலோடதான் ஓடுதேன். ஆறாம் நம்பர் வாங்குங்க."

நான் அஞ்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.