தம்பி என்று சொன்னதற்காக

நான் வேலை செய்த பதிவுப் பிரிவுக்கு யன்னல் கிடையாது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் கட்டடம், அதன் கீழ்த்தளம். ரோந்து போகும் பொலிஸ்காரர்கள் அனுப்பும் சம்பவ அறிக்கைகளை வாசித்து, பிழை திருத்தி, வகை பிரித்துச் சேமிப்பதுதான் எங்கள் வேலை. ஊரிலிருந்து வந்த புதிதில் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிப் போனவள் நான். பிறகு அவர்களிடமே சம்பளம் வாங்கினேன்.

பழைய அறிக்கைகள் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சண்டையையும் "இருவரும் சத்தம் போட்டனர், நான் போனதும் நிறுத்தினர்" என்று ஒரே வசனத்தில் முடிக்கிற ஒருவர் இருந்தார். இன்னொருவர் மழையையும் தெரு விளக்கையும் விபரமாக எழுதிவிட்டு, யார் யாரை அடித்தது என்பதை எழுத மறந்துவிடுவார். ஆனால் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பேன். வாயில் எதையோ மென்றுகொண்டு சொல்லுவார்கள். திருத்திவிடுவேன். அவ்வளவுதான்.

இந்த நிலைமையிலிருந்து எங்களைக் காப்பாற்ற ஓர் ஆலோசகர் வந்தார். சப்பாத்து அவ்வளவு சுத்தம், அது பனியைக் கண்டதேயில்லை என்று நினைக்கத் தோன்றும். இனி எல்லா அறிக்கையும் ஒரே அச்சில் இருக்கும் என்றார். வசனம் எழுதத் தேவையில்லை. திரையில் வரும் பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தெரிவுசெய்தால் போதும். எல்லாப் பெட்டியும் நிரம்பினால் மூலையில் ஒரு பச்சை அடையாளம் விழும். பச்சை விழுந்த அறிக்கை சரியான அறிக்கை.

"பச்சை விழுந்தபிறகு பிழை கண்டால்?" என்று கேட்டேன்.

"பச்சை விழுந்தால் பிழை இருக்காது," என்றார். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா என்பதுபோல என் சுப்பவைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முறைப்பாட்டுக்காரருக்கும் மற்றவருக்கும் என்ன உறவு என்பதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரர், தெரிந்தவர், தெரியாதவர். "அயலவர்" என்பதும் முதலில் இருந்ததாம். பட்டியல் நீண்டுவிட்டது என்று வெட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் பெரும்பாலும் அயலவரோடுதான் சண்டை பிடிக்கிறார்கள் என்பதை அந்த அறையில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

அந்தக் குளிர்காலத்தில் மோர்னிங்சைட் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஒரு சண்டை. உடுப்புத் தோய்க்கும் பொது அறையில், மெஷின் ஓடி முடிந்தும் ஆள் வரவில்லை என்று ஒரு தமிழ் முதியவர், கீழ்மாடி இளைஞரின் ஈர உடுப்பை எடுத்து நிலத்தில் போட்டுவிட்டார். இளைஞர் வந்து பார்த்தார். வாய்த் தர்க்கம். ஒரு தள்ளு. முதியவரின் முழங்கை மெஷினில் அடிபட்டுக் கன்றிப்போனது. யாரோ பொலிஸைக் கூப்பிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரர் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் முதியவரை விசாரித்தார். யார் தள்ளியது என்று கேட்டதற்கு, "கீழ் வீட்டுத் தம்பி" என்றிருக்கிறார் முதியவர். மொழிபெயர்ப்பாளர் கீழ் வீட்டை விட்டுவிட்டு, கூடப்பிறந்த தம்பி என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் "சகோதரர்" என்பதை அழுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே கட்டட முகவரி. வீட்டு இலக்கத்துக்கு வேறு பெட்டி, அதை நிரப்புவது கட்டாயமில்லை. ஒரே முகவரி, சகோதரர், தள்ளு. கணினி உடனே "குடும்ப வன்முறை" என்று தீர்மானித்தது. இளைஞர்மேல் வழக்குப் பதிவானது, அதற்குரிய நிபந்தனைகளும் தாமாகவே அச்சாகி வந்தன. முறைப்பாட்டுக்காரரோடு பேசக்கூடாது. அவர் வசிக்கும் முகவரிக்குப் போகக்கூடாது. இளைஞர் பயத்தில் கையெழுத்து வைத்தார். அத்தோடு தன் சொந்த வீட்டு வாசலுக்கு வர முடியாதவரானார்.

அறிக்கை என்னிடம் பச்சையாக வந்தது. அப்போது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டொரு நாளில் முன் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள், தமிழ் பேச ஆள் வேண்டும் என்று. மேலே போனால் தலையில் கம்பளித் தொப்பியோடு முதியவர். பக்கத்தில் ஓர் இளம் பெண், இளைஞரின் மனைவி. அடிபட்டவரும் அடித்தவரின் மனைவியும் ஒன்றாக பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

"அக்கா, என்ர அவருக்கு டயபிற்றிஸ்," என்றாள் அவள். "இன்சுலின் வீட்டு பிரிட்ஜில இருக்கு. நான் கொண்டுபோய் பஸ் ஸ்டொப்பில வைச்சுக் குடுக்கிறன். றிச்மண்ட் ஹில்லில ஆரோ ஒருத்தரின்ர பேஸ்மண்டில படுக்கிறார்."

"பிள்ளை, அவன் தள்ளினது உண்மைதான்," என்றார் முதியவர். "நான் உடுப்பை நிலத்தில போட்டதும் உண்மைதான். அதுக்காக அவனை வீட்டுக்கு வரவேண்டாமெண்டு நான் எப்ப சொன்னனான்?"

"அவர் உங்கட சகோதரம் எண்டு எழுதியிருக்கு, அங்கிள்."

"சகோதரமோ? தம்பி எண்டுதானே சொன்னனான். வந்த பொலிஸ்காரரையும் தம்பி எண்டுதான் கூப்பிட்டனான். அப்ப அவரும் என்ர அம்மா பெத்த பிள்ளையோ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நேற்று நான்தான் அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டுபோய்க் குடுத்தனான்," என்றார்.

"ஐயோ அங்கிள், உதை இங்க சொல்லாதேங்கோ!" என்றேன். அந்தச் சோற்றுப் பொதியே நிபந்தனை மீறல். அதற்காக இளைஞரை உள்ளே போடலாம்.

முதியவர் என்ன சொல்கிறார் என்று கவுண்டரில் நின்ற பொலிஸ்காரர் கேட்டார். "குளிராக இருக்கிறதாம்," என்றேன்.

அறிக்கை எழுதிய பொலிஸ்காரரைத் தேடிப் பிடித்தேன். "அவர்கள் வேறு வேறு வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இரண்டு கதவையும் நான்தான் தட்டினேன்."

"பிறகு ஏன் சகோதரர்?"

"மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் சொன்னார். ஒரே கட்டடத்தில் சகோதரர்கள் இருக்கக்கூடாதா?" என்றார். கெட்டவர் அல்ல. கண்ணால் கண்டதைவிடப் பெட்டியை நம்பப் பழக்கப்பட்டவர்.

சுப்பவைசரிடம் போனேன். திருத்த முடியாது, பச்சை விழுந்த அறிக்கையைப் பூட்டியாயிற்று, தொழில்நுட்பப் பிரிவுக்கு முறையிடுங்கள் என்றார். முறையிடும் இடத்திலும் ஒரு பட்டியல். திரை உறைந்துவிட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது, அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை. "எழுதியது பொய்" என்று ஒன்று இல்லை. அச்சு இயந்திரம் என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினேன். அச்சு இயந்திரத்தைப் பார்க்க ஓர் ஆள் வந்தார்.

கடைசியில் ஓய்வுபெறப் போகிற சார்ஜன்ட் ஒருவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். சோற்றைத் தவிர. அவர் அரச வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். நிபந்தனையை மாற்றும் தாளைத் தன் கையாலேயே எழுதினார். இளைஞர் வீடு திரும்பினார். வழக்கையும் சில மாதங்களில் கைவிட்டார்கள். கணினியில் மட்டும் அவர்கள் இன்றும் சகோதரர்கள்.

வசந்தத்தில் ஆலோசகர் மறுபடி வந்தார். குடும்ப வன்முறைப் பதிவுகள் கூடியிருப்பதாக ஒரு வரைபடம் காட்டினார். முன்பு மறைந்து கிடந்த உண்மை இப்போது வெளிச்சத்துக்கு வருகிறதாம். நான் எழுந்து இந்தக் கதையைச் சொன்னேன். கவனமாகத் தலையாட்டிக் கேட்டார்.

"அருமையான உதாரணம்," என்றார். "இது பயிற்சிக் குறைபாடு."

கை தட்டினார்கள். பிறகு சான்ட்விச் கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் அதைத் தொடவில்லை. என் பங்கையும் சுப்பவைசர் எடுத்துச் சாப்பிட்டார்.

கொஞ்சக் காலம் கழித்து அந்த முதியவரைக் கோவிலில் கண்டேன். இளைஞரின் குடும்பம் ஏஜக்ஸ் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டதாம்.

"இப்ப ஆர் அங்கிள் அந்த வீட்டில?"

"ஆரோ ஒரு பெடியனும் பெட்டையும். தமிழ்ப் பிள்ளையள்தான். லிப்டில என்னைக் கண்டால் சிரிக்கினம்."

"கதைக்கிறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார். "தலையை ஆட்டிப்போட்டுப் போயிடுவன். என்னெண்டு கூப்பிடுறது?"