தபால் பெட்டியில் ஒட்டிய பெயர்

குடிப்பதிவில் உள்ள பெயரே வீட்டுத் தபால் பெட்டியிலும் இருக்க வேண்டும். இல்லாத பெயருக்கு வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். டென்மார்க்கில் இதைவிட எளிய விதி கிடையாது. ஹோர்சன்ஸ் நகரசபையில் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான்.

போன கிழமை பார்த்தால், ரயில் நிலையத்தடியில் நின்ற சிவப்புத் தபால் பெட்டியைக் காணவில்லை. நிலத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும். அவற்றைப் பார்த்தபடி நின்றேன். ஏனோ சலவைத்தூள் மணந்தது.

அது என் நண்பன் தவராசா குடியிருந்த மாடிக்கட்டடத்தின் நிலவறை மணம். இலங்கையில் இரண்டு போர்களுக்கு நடுவே, சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில், அங்கே சலவை இயந்திரங்களின் மேல் தாள்களைப் பரப்பித்தான் எங்கள் சிற்றிதழை அடுக்கித் தைத்தோம். (நகல் எடுத்தது நகரசபை இயந்திரத்தில். எந்த விதியை மீறினேன் என்பதும் எனக்குத் தெரியும்.) பிறகு நிலையக் கோப்பிக் கடை. ஆளுக்கு ஒரு கோப்பி, மூன்று மணித்தியாலம். எங்களோடு சண்டை பிடிப்பதற்கென்றே எஸ்பியர்க் நகரிலிருந்து ஒருவர் ரயிலேறி வருவார்.

தவராசா வேலை நேரத்தில் இறைச்சித் தொழிற்சாலையில். மற்ற நேரமெல்லாம் கவிஞர் கரையோரன். வீட்டுத் தபால் பெட்டியிலும் கரையோரன் மட்டுமே.

"சொந்தப் பேரையும் ஒட்டடாப்பா."

"தவராசாவுக்கு ஆர் அண்ணை கடிதம் போடினம்? பில்லுதான் வரும்."

நானும் சிரித்தேன். இரண்டும் ஒரே ஆள் என்று பழைய தபால்காரருக்குத் தெரியும்.

சமாதான காலத்தில் அவன் கிளிநொச்சிக்குப் போய்ச் சுகந்தியைக் கலியாணம் செய்துவிட்டு வந்தான். சண்டை மறுபடி மூண்டதும், அவளை இங்கே எடுப்பிக்கக் குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். காத்திருந்தோம்.

"ஒருக்கா ஃபோன் அடிச்சுக் கேளுங்கோவன், அண்ணை."

"அவை பதில் தாற கெடு முடியேல்லை. பொறு."

கெடு முடிந்த மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். மேலதிகமாக ஒரு மொழிபெயர்ப்பைக் கேட்டு எப்போதோ கடிதம் போட்டார்களாம். அந்த முகவரியில் அப்படி ஆளில்லை என்று திரும்பிவிட்டதாம். பழைய தபால்காரர் அந்தக் குளிர்காலத்தில் ஓய்வுபெற்றிருந்தார். புதியவர் விதிப்படி நடந்திருக்கிறார்.

தவராசா படியிறங்கிப் போய்க் கரையோரனை நகத்தால் சுரண்டி எடுத்தான். தவராசாவை ஒட்டினான். கேட்ட தாளை அன்றே அனுப்பினோம்.

பங்குனியில் செய்தி வந்தது. பதுங்குகுழிக்கு மேல் ஷெல். சுகந்தி இல்லை.

முதல் கடிதம் கைக்குக் கிடைத்திருந்தால் அவள் வன்னியைத் தாண்டியிருப்பாளா? தெரியாது. அதற்கு நான் படித்த விதி எதுவும் இல்லை. கெடு முடியவில்லை என்று சொன்ன வாய் மட்டும் என்னுடையது.

கோப்பிக் கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். சலவையறையில் சைக்கிள்கள். எஸ்பியர்க்காரர் சண்டை பிடிக்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார். கரையோரன் அதன்பின் ஒரு வரி எழுதவில்லை.

சுகந்தி வரலாம் என்ற பதில், சரியான பெயருக்குச் சரியான பெட்டியில் வந்து விழுந்தது. உறையை நான்தான் பிரித்தேன். வந்த திகதியைக் குறித்துவைப்பது என் பழக்கம்: 2009 மே 18.