நீலச் செருப்பு

மகன் இரண்டு நாளாகப் போனை எடுக்காததால், பதறிப்போய் மதுரையிலிருந்து அவன் ஆலை வேலை பார்க்கும் மண்ணூருக்கு வந்தேன். அவனும் நண்பர்களும் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டப் போனபோது, வீட்டுக்கார அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். ஒல்லியான உருவம், தலையில் ஈரத்துண்டு.

“தட்டாத சார். நைட் ஷிப்ட் பசங்க. தூக்கம் கெட்டா மெஷின்ல கை பூடும்.”

போனில் அவன் படத்தைக் காட்டி, “என் மகன் உள்ளே இருக்கானாம்மா?” என்றேன்.

அவர் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். “அதோ, நீலச் செருப்பு கீது பாரு. உன் புள்ள உள்ளதான் கீறான்.”

அதையே பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. யாரோ ஒரு பையன் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அப்படியானால் என் மகன்? எழுந்துபோய், மீதிச் செருப்புகளில் அவனுடையது இருக்கிறதா என்று தேடினேன். சற்றுப் பொறுத்து, என் மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். “செல் ரிப்பேர்ப்பா” என்றான்.

யாருடைய செருப்பையோ காட்டி என்னை மாலைவரை நிம்மதியாக உட்காரவைத்த அந்த அம்மாவுக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.